துரைக்கு எலுமிச்சம்பழம்: சாப்ட்வேர்காரரின் மனநிறைவும் உற்பத்தித் திறனும்

டிசம்பர் 31-ஆம் தேதி திருத்தணிக்குப் போனவர்களுக்குத் தெரியும், மலையடிவாரத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது. வருடத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படிகள் என்று 365 படிகள். படிக்கு ஒரு திருப்புகழ் பாடி, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டு, பஜனை கோஷ்டிகள் மெல்ல மெல்ல மேலே ஏறும்.

இந்தத் திருப்படித் திருவிழாவை 1917-ன் கடைசி நாளில் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்தார் என்பார்கள். அது வெள்ளைக்காரர் காலம். ஜனவரி முதல் தேதி விடிந்ததும் ஆபீஸ் குமாஸ்தாக்கள் மாலையும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு துரையின் பங்களா வாசலில் போய் நிற்பது அன்றைய வழக்கம். துரை முகம் மலர்ந்தால் அந்த வருடம் நல்லபடியாகப் போகும் என்று ஒரு நம்பிக்கை. துரைக்கெல்லாம் துரை தணிகை மலையில் இருக்கும்போது இவர்களிடம் எதற்கு என்று சொல்லி சுவாமிகள் அந்தக் கூட்டத்தை மலைக்குத் திருப்பிவிட்டார் என்பது வழிவழியாக வரும் கதை.

நூறு வருடம் ஓடிவிட்டது. ஆந்திர எல்லையை ஒட்டிய இந்த ஊர் 1960-ல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்று விடியற்காலையில் திருத்தணி ரயிலடியில் பார்த்தால், தோளில் லேப்டாப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக இளைஞர்கள் சென்னை வண்டிக்குக் காத்து நிற்பார்கள். துரை போய்விட்டார். ஆனால் வருடத்துக்கு ஒரு முறை ‘அப்ரைசல்’ வருகிறது. மேனேஜர் முகம் மலர வேண்டும் என்று இரவு பத்து மணி வரை சீட்டில் இருந்து காட்டுகிறார்கள். எலுமிச்சம்பழத்தின் வடிவம் மட்டும்தான் மாறியிருக்கிறது!

சாப்ட்வேர் எழுதுபவருக்கு வேலையில் மனநிறைவு தருவது எப்படி? அதன் மூலம் உற்பத்தித் திறனைக் கூட்டுவது எப்படி? இது ஏதோ புதுக் கேள்வி போலத் தோன்றும். உண்மையில் இதற்கு நூறு வருட வரலாறு இருக்கிறது. அதில் நம் ஊர்களுக்கும் பங்கு இருக்கிறது.

பெரம்பூர், 1918

திருத்தணியில் ஏறினால் சென்ட்ரல் வருவதற்குச் சற்று முன்னால் பெரம்பூர் வரும். அங்கேதான் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்னாடிக் மில்கள் இருந்தன. மில் தொழிலாளர்கள் கூடிப் பேசும் இடமாக ஒரு பக்தி சபை இருந்தது. ஸ்ரீ வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று பெயர். அதை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் தொழிலாளர்களின் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டார்கள். பிறகு பி.பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுவது இதைத்தான். திரு.வி.க.வும் இதில் முன்னின்று உழைத்தார்.

அந்தத் தொழிலாளர்கள் முதலில் எழுப்பிய குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது! கூலி பற்றிய கோரிக்கையும் இருந்தது. ஆனால் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிடக் கொஞ்சம் நேரம் வேண்டும் என்பதும் அதற்குச் சமமாக ஒலித்தது. தன் நாளில் தனக்கென்று ஒரு பங்கு வேண்டும் என்று தொழிலாளி கேட்டான்.

வேலை நேரத்துக்குச் சட்டமும் மெல்ல மெல்ல வரம்பு கட்டியது. 1922-ல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம் வாரம் 60 மணி நேரம் என்று வைத்தது. 1934-ல் அது 54 ஆனது. சுதந்திர இந்தியாவின் 1948-ஆம் வருடச் சட்டம் 48 என்று நிறுத்தியது. இந்த எண்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளவும், பின்னால் தேவைப்படும்.

ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள்

அதே காலத்தில் அமெரிக்காவில் பிரெடரிக் டெய்லர் காட்டிய வழி பரவிக்கொண்டிருந்தது. ஸ்டாப் வாட்ச் வைத்து வேலையைச் சிறு சிறு அசைவுகளாகப் பிரித்து, எப்படிச் செய்வது என்பதை மேலதிகாரி முடிவு செய்ய, தொழிலாளி அதன்படி செய்வது. டெய்லரின் அறிவியல் மேலாண்மை நூல் 1911-ல் வந்தது. அதன்படி யோசிப்பவர் ஒருவர், செய்பவர் இன்னொருவர்.

1924 முதல் 1932 வரை சிகாகோ அருகே ஹாதார்ன் தொழிற்சாலையில் நடந்த சோதனைகள் இந்த நம்பிக்கையை அசைத்தன. வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது என்ற கதை காமர்ஸ் மாணவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். தங்களை ஒருவர் மதித்துக் கவனிக்கிறார் என்பதே வேலையை மாற்றியது என்று எல்டன் மேயோ விளக்கினார். ஆனால் பாடப்புத்தகம் எல்லாவற்றையும் சொல்வதில்லை. சோதனை அறையில் இருந்த பெண்களுக்கு ஊதிய முறையும் மாற்றப்பட்டிருந்தது. நடுவில் இருவரை வெளியே அனுப்பி வேறு இருவரைச் சேர்த்தார்கள். ஆகவே எல்லாம் அன்பால் நடந்தது என்று சொல்லிவிட முடியாது என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

1959-ல் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொன்னார். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் இருநூறு பொறியாளர்களையும் கணக்காளர்களையும் கேட்டுப் பார்த்ததில், மனக்குறைக்கான காரணங்களும் மனநிறைவுக்கான காரணங்களும் வேறு வேறு என்று கண்டார். சம்பளம், விதிமுறை, மேற்பார்வை சரியில்லை என்றால் மனம் கசக்கும். ஆனால் அவை சரியாக இருந்தால் மட்டும் மனம் நிறைந்துவிடாது. சாதித்தோம் என்ற உணர்வு, பொறுப்பு, வளர்ச்சி, இவைதான் நிறைவு தரும். இலவச காபி மெஷினும் கேரம் போர்டும் வைத்துவிட்டு ஏன் இன்னும் ராஜினாமா கடிதம் வருகிறது என்று கேட்பவர்களுக்கு 1959-லேயே பதில் இருக்கிறது.

அகமதாபாத்தின் தறிக்கூடம், 1953

நம் நாட்டிலேயே நடந்த ஒரு சோதனை பலருக்குத் தெரிவதில்லை. அகமதாபாத்தில் சாராபாய் குடும்பத்தின் காலிகோ மில்லில் புதிதாகத் தானியங்கித் தறிகள் போட்டார்கள். டெய்லர் பாணியில் வேலையைப் பன்னிரண்டு வகையாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு துண்டு என்று கொடுத்தார்கள். நூல் அறுந்தால் ஒட்ட ஒருவர், எண்ணெய் போட ஒருவர், பெருக்க ஒருவர் என்று இப்படி. கணக்குப்படி உற்பத்தி எகிறியிருக்க வேண்டும். எகிறவில்லை.

லண்டன் டேவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ.கே. ரைஸ் வந்து பார்த்தார். யாருக்கும் முழுத் தறியும் சொந்தமில்லை, யாரும் யாருக்கும் குழுவில்லை என்று தெரிந்தது. ஒரு சிறு குழுவிடம் ஒரு தொகுதித் தறிகளை முழுசாக ஒப்படைத்தால் என்ன என்ற யோசனை எழுந்தது. அது காதில் விழுந்ததுமே தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக் குழுக்களைத் தாங்களே அமைத்துக்கொண்டார்கள் என்று ரைஸ் பதிவு செய்திருக்கிறார். ஆரம்பத் தடுமாற்றத்துக்குப் பிறகு உற்பத்தி உயர்ந்தது, துணிச் சேதம் குறைந்தது. தறி அதே தறி. ஆட்களும் அதே ஆட்கள். யார் முடிவு செய்வது என்பது மட்டும் மாறியது.

இந்தத் தறிக்கூடத்தை மறக்காமல் சாப்ட்வேர் உலகத்துக்கு வருவோம்.

தறியிலிருந்து கோடுக்கு

நிரல் எழுதுவதும் மனித வேலைதான் என்று 1971-ல் ஜெரால்ட் வெயின்பெர்க் கணிப்பொறி நிரலாக்கத்தின் உளவியல் பற்றி ஒரு நூல் எழுதினார். 1975-ல் பிரெடரிக் புரூக்ஸ் எழுதிய நூல் ஐ.பி.எம்.மில் ஒரு பெரிய இயங்குதளத்தைக் கட்டிய அனுபவத்திலிருந்து வந்தது. தாமதமாகிவிட்ட சாப்ட்வேர் வேலைக்குப் புதிதாக ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அவர் கண்ட உண்மை. புதியவருக்குச் சொல்லித்தரப் பழையவர் நேரம் போகும், பேச வேண்டிய ஆட்கள் பெருகிக்கொண்டே போவார்கள். திருத்தணி மலைப்படியில் ஒருவர் ஏற இருபது நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது பேர் சேர்ந்து ஏறினால் ஒரு நிமிடத்தில் உச்சிக்குப் போய்விட முடியுமா?

1980-களில் டாம் டிமார்கோவும் டிமோதி லிஸ்டரும் ஒரு விநோதமான போட்டி நடத்தினார்கள். 1984 முதல் 1986 வரை 92 நிறுவனங்களைச் சேர்ந்த 600-க்கும் மேற்பட்டவர்கள், அவரவர் ஆபீஸில் அவரவர் மேஜையில் உட்கார்ந்து ஒரே நிரலை எழுதினார்கள். மிகச் சிறந்தவருக்கும் மிகவும் பின்தங்கியவருக்கும் இடையில் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வித்தியாசம் இருந்தது. அனுபவ வருடமோ சம்பளமோ இந்த வித்தியாசத்தை விளக்கவில்லை. ஒரே ஆபீஸிலிருந்து வந்த இருவர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி செய்திருந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். சத்தம் குறைவான, அடிக்கடி இடையூறு வராத இடத்தில் வேலை பார்த்தவர்கள் நன்றாகச் செய்திருந்தார்கள். ஆக, திறமை ஆளிடம் மட்டும் இல்லை, இடத்திலும் இருக்கிறது. இதை அவர்கள் 1987-ல் புத்தகமாகவும் எழுதினார்கள்.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பனிமலை விடுதி ஒன்றில் 17 பேர் கூடி ‘அஜைல்’ கொள்கையை எழுதினார்கள். ஊக்கமுள்ளவர்களிடம் வேலையைக் கொடுத்து நம்புவது, குழு தன்னைத் தானே நடத்திக்கொள்வது, காலத்துக்கும் தாங்கக்கூடிய வேகத்தில் உழைப்பது ஆகியவை அதன் முக்கியக் கருத்துகள். அகமதாபாத் தறிக்காரர்கள் படித்திருந்தால், இதைத்தான் நாங்கள் 1953-லேயே செய்தோமே என்று சிரித்திருப்பார்கள்!

நம் ஊரில் ஏன் கடினம்?

இந்தியாவில் டி.சி.எஸ். 1968-லேயே தொடங்கிவிட்டது. 1991-ல் சாப்ட்வேர் டெக்னாலஜி பார்க் திட்டம் வந்தது. இரண்டாயிரமாவது வருடக் கணிப்பொறிப் பிழை நம் ஆட்களுக்கு வேலை மழையாகப் பொழிந்தது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பழைய மகாபலிபுரம் சாலையின் முகமே மாறியது. சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் முதல் தலைமுறைப் பட்டதாரி வீடுகள் எத்தனையோ இந்த வேலையால் நிமிர்ந்தன. அதை மறந்துவிட்டுப் பேசினால் நியாயமாக இருக்காது.

ஆனால் கணக்குப் பாடத்தின் கண்ணோடு பார்த்தால் ஒரு சிக்கல் தெரியும். சேவை நிறுவனங்கள் நீண்ட காலமாக விற்றது சாப்ட்வேரை அல்ல, மனித நேரத்தை. இத்தனை பேர், இத்தனை மணி நேரம் என்று வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு பில் போகும். எட்டு மணி நேர வேலையை ஒருவர் புத்திசாலித்தனமாக நான்கு மணியில் முடித்தால் அந்த பில்லில் வரவு பாதியாகும். பிறகு யார் அவரைப் பாராட்டுவார்கள்? உற்பத்தித் திறன் என்ற சொல்லே அங்கே சீட்டில் இருக்கும் நேரம் என்று பொருள் மாறிவிடுகிறது. மொத்த விலை பேசி எடுக்கும் ஒப்பந்தங்கள் இப்போது பெருகினாலும் பழைய பழக்கம் எளிதில் போவதில்லை.

இதோடு ‘பெல் கர்வ்’ சேர்ந்துகொண்டது. குழுவில் எல்லோரும் நன்றாகச் செய்திருந்தாலும் சிலரைக் கட்டாயம் கீழே தள்ளியாக வேண்டும் என்ற மதிப்பீட்டு முறை. பக்கத்து சீட்டுக்காரருக்கு உதவினால் தனக்கு நஷ்டம் என்றால் குழு எங்கிருந்து வரும்? மைக்ரோசாப்ட் 2013-ல் இந்தக் கட்டாய வரிசையைக் கைவிட்டது. இன்போசிஸும் 2015-ல் விட்டது.

2014-15-ல் ஆட்குறைப்புச் சர்ச்சைகள் கிளம்பியபோது, ஐ.டி.காரர்கள் தொழிலாளர்கள்தானா, சங்கம் வைக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. அவர்களும் தொழிற்சங்கம் அமைத்துக்கொள்ளலாம், சட்டத்தில் தடையில்லை என்று 2016-ல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. பெரம்பூரில் 1918-ல் எழுந்த கேள்வி தரமணிக்கு வந்து சேர ஏறக்குறைய நூறு வருடம் ஆகியிருக்கிறது!

மறுபக்கம் வேறு வழியில் போனவர்களும் உண்டு. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ, நேரத்தை விற்காமல் சொந்தமாக சாப்ட்வேர் செய்து விற்றது. பள்ளிப்படிப்பையோ டிப்ளமோவையோ முடித்தவர்களைத் தானே பயிற்றுவித்து வேலைக்கு எடுக்கத் தொடங்கியது. 2011-ல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்தது. கிராமத்தில் ஆபீஸ் வைத்தாலே எல்லோரும் சந்தோஷமாகிவிடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் வேலைதான் ஆளிடம் வர வேண்டும், ஆள் வேலையிடம் போக வேண்டும் என்பது கட்டாயமில்லை என்று அது காட்டியது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாடு முழுக்க இதைப் பார்த்தது. சொந்த ஊர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே அமெரிக்க வங்கியின் கோடு எழுதப்பட்டது, உலகம் கவிழ்ந்துவிடவில்லை.

70 மணி நேரக் கணக்கு

2023 அக்டோபரில் இன்போசிஸ் நாராயண மூர்த்தி, நாட்டின் உற்பத்தித் திறன் உயர இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். நாடெங்கும் விவாதம் நடந்தது. அவர் நல்ல நோக்கத்தில் சொல்லியிருக்கலாம். கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம்.

வாரம் ஆறு நாள் என்றால் 70 மணி நேரம் தினமும் 11 மணி 40 நிமிடம் ஆகிறது. திருத்தணியிலிருந்து சென்ட்ரல் 80 கிலோமீட்டருக்கு மேல். லோக்கல் வண்டியில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அங்கிருந்து பறக்கும் ரயிலோ பஸ்ஸோ பிடித்து ஆபீஸ் சேர வேண்டும். போக வர ஐந்து மணி நேரம் என்று வைத்தால் மிச்சம் இருப்பது 7 மணி 20 நிமிடம். தூக்கம், குளியல், சாப்பாடு, அம்மா அப்பாவோடு நாலு வார்த்தை எல்லாம் அதற்குள்தான். முன்னால் சொன்ன எண்ணை இப்போது எடுத்துக்கொள்வோம். 1922-ல் வெள்ளைக்காரர் அரசு மில் தொழிலாளிக்கு வைத்த வரம்பே 60 மணி நேரம்தான்!

அப்படி உழைத்தால் நல்ல சாப்ட்வேராவது கிடைக்குமா? மகிழ்ச்சியான மனநிலையில் இருப்பவர்கள் சிக்கல்களை ஆராய்ந்து தீர்ப்பதில் மேலாகச் செய்கிறார்கள் என்று டேனியல் கிராசியோட்டினும் கூட்டாளிகளும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அவர்களே பிறகு 1,300-க்கும் மேற்பட்ட நிரலாளர்களிடம் எது உங்களை வாட்டுகிறது என்று கேட்டார்கள். பதில்களில் முன்னால் நின்றவை மூன்று: தீர்வு கிடைக்காமல் திணறி நிற்பது, நேர நெருக்கடி, மோசமாக எழுதப்பட்ட கோடோடு மல்லுக்கட்டுவது. களைத்துப்போனவர் இரவு பதினொரு மணிக்கு எழுதும் கோடுதான் அடுத்தவரின் மூன்றாவது குறையாக மாறுகிறது. 2021-ல் நிக்கோல் பார்ஸ்கிரனும் மற்றவர்களும் நிரலாளர் உற்பத்தித் திறனை அளக்க ஐந்து அளவுகோல்களை முன்வைத்தார்கள். அவற்றில் முதலாவதே மனநிறைவும் நலமும்தான். எத்தனை வரி எழுதினார் என்ற ஒரே எண்ணை வைத்து ஒருவரை எடைபோடக் கூடாது என்பது அவர்கள் வாதம்.

வரலாறு சொல்வது

பெரம்பூர், ஹாதார்ன், அகமதாபாத், தரமணி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நான்கு விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

1. நேரம். சாப்பிடவும் தூங்கவும் வீட்டுக்குப் போகவும் நேரம் இல்லாதவரிடம் மனநிறைவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டாலே, திருத்தணிக்காரருக்குப் பத்து மணி நேரம் மிச்சம்.

2. முழு வேலை. துண்டு துண்டாகக் கொடுக்காமல், ஒரு குழுவிடம் ஒரு பொருளை முழுசாக ஒப்படைத்தால் அது அவர்களுடையது ஆகிறது.

3. அமைதியான இடமும் உதவுகிற சக ஊழியரும். பக்கத்தில் இருப்பவரைப் போட்டியாளராக மாற்றும் மதிப்பீடு இரண்டையும் கெடுக்கும்.

4. குரல். குறையைச் சொல்ல ஓர் இடம் வேண்டும், சொன்னதற்காக வேலை போகாது என்ற நம்பிக்கையும் வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. ஆனால் நான்கிலுமே மேலே இருப்பவர் தன் கையில் இருக்கும் பிடியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது. சம்பள உயர்வு கொடுப்பதைவிட அது கடினம் போலிருக்கிறது. அதனால்தான் நூறு வருடமாக ஒரே பாடத்தை மறுபடி மறுபடி கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம்.

திருப்படித் திருவிழாவில் யாரும் யாருக்கும் மார்க் போடுவதில்லை. நேரமானாலும் ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிப்பதில்லை. கூட வருகிறவருக்கு மூச்சு வாங்கினால் கோஷ்டியே ஒரு படியில் நின்றுவிட்டுப் பிறகு ஏறும். ஆனாலும் 365 படியும் முடிந்து எல்லோரும் உச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். ஜனவரி இரண்டாம் தேதி அதே ஆட்களில் பலர் மறுபடி லேப்டாப் பையோடு ரயிலடியில் நிற்பார்கள். அவர்களுடைய மேனேஜர்களும் ஒரு வருடம் கூட வந்து படியேறிப் பார்க்கலாம்.